இருக்கை இருக்கிறது, உட்காரத்தான் நேரமில்லை



சில வாரங்களுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் பட்டு எடுக்கச் சென்ற குடும்பத்தாரோடு நாமும் சென்றிருந்தோம். நகரின் பெரிய ஜவுளிக்கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம்; எந்தக் கடையானாலும் கதை ஏறக்குறைய இதுதான். இரண்டாவது மாடியில் பட்டுப் பிரிவு. நாம் போய் நின்றதுமே எட்டுப் பேருக்கும் நாற்காலி வந்தது, குடிக்கத் தண்ணீர் வந்தது. நமக்குச் சேலை எடுத்துக் காட்டிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். காலை பதினொரு மணி தொடங்கி ஒன்றரை மணி வரை, அலமாரிக்கும் மேசைக்கும் இடையே அவர் எத்தனை முறை நடந்தார் என்று நாம் எண்ணவில்லை. விரித்துப் போட்ட சேலைகள் எழுபதுக்குக் குறையாது. "இந்தக் கலர்ல பார்டர் கொஞ்சம் சின்னதா காட்டும்மா", "அதே பார்டர்ல வேற கலர் எடும்மா", "மேல இருக்கே, அதை எடு" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நம்மோடு வந்த பெரியம்மா ஒருவருக்கு முழங்கால் வலி. அதனால்தானோ என்னவோ, அவர் கண்ணில் மட்டும் அது பட்டது. "நீயும் சித்த உக்காரும்மா" என்றார். "பரவாயில்லம்மா, பழகிருச்சு" என்று சிரித்தார் அந்தப் பெண். "அங்க ஸ்டூல் கெடக்கே?" என்று பெரியம்மா விடவில்லை. அந்தப் பெண் மேலே கேமரா இருந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஸ்டூல் இருக்கும்மா. கஸ்டமர் இருக்கும்போது உக்காரக் கூடாது. கஸ்டமர் இல்லாதப்போ துணி மடிக்கணும்."

இந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்க விரும்புகிறோம்.

அந்த ஸ்டூல் அங்கே தானாக வந்துவிடவில்லை. அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. 2021 செப்டம்பர் 6 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு அதன்மூலம் சேர்க்கப்பட்டது. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரியும் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு இடையே உட்காருவதற்குக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும், நாள் முழுவதும் காலிலேயே நிற்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம். இப்படிச் சட்டம் செய்ததில் இந்தியாவில் கேரளத்திற்கு அடுத்த மாநிலம் தமிழ்நாடு.

நல்ல சட்டம்தான், ஐயமில்லை. ஆனால் அதன் சொற்களைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். உட்காருவதற்கு 'வாய்ப்பு' கிடைக்கும்போது உட்காரலாம். அந்த வாய்ப்பு எப்போது வருகிறது? சட்டம் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதைக் கடை தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் இருக்கும்போது உட்காருவது மரியாதைக் குறைவு, இல்லாதபோது உட்காருவது சோம்பல் என்று கடை முடிவு செய்துவிட்டால், ஸ்டூல் சட்டப்படி இருக்கும். அதன்மேல் அட்டைப் பெட்டிகளும் இருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி இருக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம். எவரும் உட்கார்ந்தார்களா என்பதை எண்ணுவதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து தூசி தட்டி, இரவு கடைசி வாடிக்கையாளர் இறங்கிய பின் கலைந்ததை எல்லாம் அடுக்கிவிட்டுப் போகிறவர்கள் இவர்கள். சட்டம் சொல்லும் வேலைநேரம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி. பண்டிகைக் காலத்தில் அந்த எட்டு எங்கே போகிறது என்பது தீபாவளிக்கு முந்தின வாரம் இரவு பத்து மணிக்குத் துணி எடுத்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு மணிநேரம் நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருண்டு புடைக்கும், இடுப்பும் குதிகாலும் வலிக்கும். கழிப்பறைக்குப் போகக் கேட்டுவிட்டுப் போக வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அதிலிருந்து சிறுநீர்த் தொற்று. இவையெல்லாம் நாற்பது வயதுக்கு மேல் வர வேண்டிய நோய்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேரளத்தில் இந்தப் போராட்டம் கழிப்பறையிலிருந்துதான் தொடங்கியது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு வணிகத்திற்குப் பெயர்பெற்றது. அங்கே கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. பக்கத்து ஓட்டல்களுக்குப் போய்க் கெஞ்ச வேண்டிய நிலை. தையல் தொழிலாளியான விஜி என்ற பெண் இவர்களை ஒன்றுசேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை கேட்டவர்கள் பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டார்கள். 2014ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடையின் பெண்கள், உட்காரக் கேட்டதற்காக இடமாற்றம் செய்யப்பட்டபோது, கடைக்கு முன்னால் அமர்ந்து மாதக்கணக்கில் போராடினார்கள். கடைக்குள் உட்கார முடியாதவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2018இல் கேரள அரசு அவசரச் சட்டம் வழியாக உட்காரும் உரிமையை வழங்கியது. அதே ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்களின் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. படித்த தலைவர்களும் பெரிய தொழிற்சங்கங்களும் கவனிக்காமல் விட்ட ஒன்றைத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த ஒருவர் கவனித்தார் என்பது நமக்கு வியப்பாக இல்லை. தையல்காரருக்காவது உட்காருவது என்றால் என்னவென்று தெரியும்.

இந்தக் கோரிக்கை புதியதும் அன்று. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே கடை ஊழியர்களுக்கு இருக்கை தரும் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றது அது. நமக்கு அது வந்துசேர நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சரி, இவர்கள் ஏன் நிற்க வைக்கப்படுகிறார்கள்? நிற்பதால் விற்பனை கூடுகிறதா? எந்த முதலாளியைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "வர்ற கஸ்டமர் என்ன நினைப்பாங்க?" அதாவது, நம்மைக் காட்டித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள். நம் பெயரால் ஓர் ஆணை நடைமுறையில் இருக்கிறது. அதற்கு நாம் கையெழுத்துப் போட்டதாக நமக்கே தெரியாது.

கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு சட்டம் போட்ட வாசகம் மாட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர்தான் இங்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி என்று அது சொல்லும். கீழே மகாத்மா காந்தி என்று பெயர் போட்டிருக்கும். காந்தியடிகள் அப்படிச் சொன்னதற்கு அவருடைய எழுத்துத் தொகுப்புகளில் சான்று கிடைக்கவில்லை. ஏறக்குறைய அதே வாசகம் 1940களில் அமெரிக்க வணிக வட்டாரங்களில் புழங்கியது தெரிய வந்திருக்கிறது. எவரோ விற்பனையாளர்களுக்கு எழுதியது, நம் ஊரில் காந்தியின் வாக்காகிவிட்டது. சேவாகிராமத்தில் கழிப்பறையைத் தாமே கழுவியவர், வேலை செய்கிறவரைவிட வாங்க வந்தவர் பெரியவர் என்று சொல்லியிருப்பாரா என்று கடைக்காரர்களில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.

வாடிக்கையாளர் சொல்வதே எப்போதும் சரி என்ற வழக்கும் இப்படித்தான். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு, அவரிடம் பணிபுரிந்துவிட்டு லண்டனில் 1909இல் கடை திறந்த செல்ஃப்ரிட்ஜ் போன்ற பெருவணிகர்களின் பெயரோடு சேர்த்து அது சொல்லப்படுகிறது. விற்ற பொருளைத் திரும்ப வாங்காத, அளவிலும் தரத்திலும் ஏமாற்றுவது சாதாரணமாக இருந்த காலத்தில், வாங்குகிறவரின் புகாருக்குக் காதுகொடு என்று ஊழியருக்குச் சொல்ல அது பயன்பட்டது. அந்த அளவில் அது நியாயமே. இன்று அது வேறொன்றாகிவிட்டது. குடித்துவிட்டு வந்து பெட்ரோல் பங்கில் கத்துகிறவரும் வாடிக்கையாளர்தான். உடுத்திய புடவையைத் துவைத்துக் கொண்டுவந்து "சாயம் போச்சு, மாத்திக் குடு" என்கிறவரும் வாடிக்கையாளர்தான். சூப்பர் மார்க்கெட்டில் விலைச்சீட்டில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் இருந்தால், விலை போட்ட தலைமை அலுவலகத்தில் உள்ளவரை நாம் பார்ப்பதே இல்லை. பில் போடும் பையன்தான் எதிரே இருக்கிறான், அவனைத்தான் திட்டுகிறோம். ஐந்து ரூபாய் சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கச் சொன்னது அவனுடைய யோசனையா? பைக்குத் தனிக் காசு வாங்கச் சொன்னது அவனா? தள்ளுபடி நேற்றோடு முடிந்தது அவனாலா? இவற்றில் எதையும் மாற்ற அவனுக்கு அதிகாரமில்லை. அதிகாரம் இல்லாதவரை முன்னால் நிறுத்தி, அதிகாரம் உள்ளவர்கள் உள்ளே இருந்துகொள்வதற்குப் பெயர்தான் இன்றைய வாடிக்கையாளர் சேவை.

தொலைபேசியில் இது இன்னும் எளிது, முகமே தெரியாதல்லவா. இணைப்பு வேலை செய்யவில்லை, பணம் பிடித்துவிட்டார்கள், பார்சல் வரவில்லை. நமது கோபம் நியாயமானது. பத்து நிமிடம் இசை கேட்க வைத்த பிறகு வரும் குரலிடம் நாம் பேசும் பேச்சு நியாயமானதா என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கம் இருப்பவர் பதிலுக்கு ஒரு சொல் பேச முடியாது. அழைப்பு பதிவாகிறது, முடிவில் நாம் மதிப்பெண் போடப்போகிறோம். 1983இல் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். சம்பளத்திற்காகச் சிரிப்பதும் கோபத்தை விழுங்குவதும்கூட உழைப்பே என்பதை விளக்கி, அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்ற பொருளில் ஒரு பெயரும் கொடுத்தார். மூட்டை தூக்கியவரின் தோள் வலிப்பது போல, நாள் முழுதும் சிரித்தவருக்கும் உள்ளே ஏதோ வலிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைமேல் எரிந்து விழுகிறார் என்றால், அது நாம் கொடுத்தனுப்பியதாகவும் இருக்கலாம்.

இதில் வேறு நாடுகள் நமக்கு முன்னே போய்விட்டன. தென்கொரியாவில் 2018 அக்டோபர் முதல், வாடிக்கையாளரின் வசைமொழியிலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் சட்டக் கடமை. அதற்கு முந்தின ஆண்டே அங்குள்ள ஒரு நிறுவனம் ஓர் எளிய காரியம் செய்தது. அழைப்பு இணைக்கப்படும் முன், அங்கே பணிபுரிகிறவரின் பிள்ளையோ பெற்றவரோ பேசிய குரலை ஒலிக்கச் செய்தது: இப்போது உங்களோடு பேசப்போவது என் அம்மா என்பது போல. ஜப்பானில் டோக்கியோ நகர அரசு, ஊழியரைத் துன்புறுத்தும் வாடிக்கையாளர் நடத்தையைத் தடுக்க 2024இல் ஓர் ஒழுங்குவிதி இயற்றி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. தண்டனை ஏதும் அதில் இல்லை. ஆனாலும் வாங்குகிறவரும் தவறு செய்யக்கூடும் என்று எழுத்தில் வந்துவிட்டது.

முதலாளிகளின் பக்கத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. இணையத்தில் வாங்கும் பழக்கம் வந்த பிறகு கடை வாடகையும் மின்கட்டணமும் கட்டி நிற்பது எளிதன்று. நம் ஊர் அண்ணாச்சி கடைகளில் முதலாளியே காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து இரவு வரை நிற்கிறார். அவருக்கு எந்தச் சட்டமும் இருக்கை தரவில்லை. ஊழியர்களைத் தம் வீட்டார் போலப் பார்க்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள், நமக்கே சிலரைத் தெரியும். அதுபோல, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரிடம் நாமும் மாட்டியிருக்கிறோம். எல்லா ஊழியரும் தியாகிகள் என்று சொல்ல வரவில்லை. இன்னொன்றும் உண்டு. கடையில் கத்துகிற நாமும் பெரும்பாலும் எங்கோ ஒரு வேலையில் எவரிடமோ திட்டு வாங்கிவிட்டு வந்தவர்களே. பணம் கொடுக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் நாம் எஜமானர்கள். அதை விட மனம் வருவதில்லை.

ஆனால் பெரிய கடைகளின் வழக்கங்களைத் தனி மனிதரின் நல்ல குணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. சேலை காட்டிய பெண்ணுக்குச் சம்பளத்தோடு விற்பனைக்கு ஏற்ற கமிஷனும் உண்டு. ஒவ்வொரு துண்டுச்சீட்டிலும் காட்டியவரின் எண் எழுதப்படும். எழுபது சேலை விரித்தும் வாடிக்கையாளர் வெறுங்கையோடு எழுந்தால், மேற்பார்வையாளர் வந்து "ஏன் விட்டே?" என்று கேட்பார். ஒரு சேலை குறைந்தால் அந்தப் பிரிவில் நின்றவர்கள் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளும் இருக்கின்றன. நாம் "சும்மா பார்க்க வந்தோம்" என்று எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு விலை இருக்கிறது. 2010இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' திரைப்படம் சென்னை இரங்கநாதன் தெருவை வைத்து இதை ஊருக்குக் காட்டியது. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் நெருக்கியடித்துத் தூங்கி எழுகிற பிள்ளைகளின் கதை. பார்த்துவிட்டுக் கண் கலங்கிய நாம், அடுத்த ஆடித் தள்ளுபடிக்கு அதே தெருவுக்குப் போனோம்.

போனது தவறு என்று நாம் சொல்லவில்லை. நாம் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை ஏது? அந்தப் பிள்ளைகளில் நம் பங்குகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, தங்கையின் படிப்புக்கும் அக்காளின் நகைக்கும் பணம் அனுப்புகிறவர்கள். ஊரில் இருந்தவரை பாடற்குழுவில் பாடியவர்கள். ஞாயிறுதான் கடைக்கு விளைச்சல் நாள் என்பதால், அன்று அவர்களால் திருப்பலிக்கு வர முடிவதில்லை; வார விடுமுறை செவ்வாயோ புதனோ கிடைக்கும். 2019 ஜூனில் தமிழ்நாடு அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டின் எல்லா நாட்களிலும் இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. பிறகு அது நீட்டிக்கவும்பட்டது. ஊழியருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. ஆனால் குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் நாளில் ஒருவர் மட்டும் வேலையிலும், அவர் ஓய்வாக இருக்கும் நாளில் மற்றவர்கள் வேலையிலும் இருந்தால், அந்த ஓய்வு பாதி ஓய்வுதான். ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் நேரே போவது அவர்கள் நிற்கும் கடைக்குத்தான் என்பதும் உண்மை.

இதைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது? 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ (நம் பெரியவர்கள் சிங்கராயர் என்பார்கள்) எழுதிய 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் தொழிலாளரின் கூலியையும் ஓய்வையும் பற்றிப் பேசியதை நாம் அறிவோம். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, அந்தப் பெயரைத் தாம் எடுத்துக்கொண்டதற்கு அந்தச் சுற்றுமடலே முக்கியக் காரணம் என்று கர்தினால்களிடம் சொன்னார். ஆயினும் நம் கடைக்கு இன்னும் நெருக்கமாக வருவது, 1981இல் புனித இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல். இளமையில் கல்குவாரியிலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர் அவர். அதில் அவர் நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்று இரண்டு பேரைக் காட்டுகிறார். சம்பளம் கொடுப்பவர் நேரடி முதலாளி. அவர் எந்த நிபந்தனையில் வேலை வாங்குகிறார் என்பதை வெளியிலிருந்து தீர்மானிக்கும் அமைப்புகளும் மனிதர்களும் வழக்கங்களும் சேர்ந்து மறைமுக முதலாளி. அங்கே அவர் மனத்தில் முதன்மையாக இருப்பது அரசு. ஆனால் "கஸ்டமர் என்ன நினைப்பாங்க" என்ற ஒரு வாக்கியத்தால் ஒரு பெண் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறார் என்றால், அந்த மறைமுக முதலாளியின் நாற்காலியில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அப்படியென்றால் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு சிலவற்றைச் செய்யவும் முடியும். கடையின் கருத்துப் புத்தகத்திலோ இணையத்தில் நட்சத்திரம் போடும் இடத்திலோ, ஊழியர்கள் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் இல்லை, அது எங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி எழுதலாம். முதலாளிகள் அவற்றைப் படிக்கிறார்கள். ஊழியரிடம் "உக்காரும்மா" என்று சொல்வதைவிட, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு "அந்தப் பிள்ளை உக்காந்தே காட்டட்டும்" என்று சொல்வது பயன் தரும். உட்கார்ந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்ணாக இருக்கக் கூடாது. இருக்கையே இல்லாத கடை என்றால் தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடம் முறையிட வழி இருக்கிறது. முறையிடுபவர் ஊழியராக இருந்தால் வேலை போகும், நாம் முறையிட்டால் நமக்கு எதுவும் போகாது. திருமணத்திற்கு எடுக்கிறவர்கள் விலை வரம்பையும் நிறத்தையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போனால் எழுபது சேலை இருபதாகும். வாங்காதவற்றை மடித்துக் கொடுக்க நமக்குத் தெரியாவிட்டாலும், தரையில் தள்ளாமல் ஒரு பக்கமாக வைக்கத் தெரியும்.

இவ்வளவு எழுதுகிற நாம் அன்று என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை மணிக்கு "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வர்றோம்மா" என்று எழுந்தோம். "சரிங்கம்மா, வாங்க" என்று அதே சிரிப்போடு சொல்லிவிட்டு மடிக்கத் தொடங்கினார் அந்தப் பெண். வேறு கடைகளில் அலைந்து, நான்கு மணிக்கு அந்த முதல் கடைக்கே திரும்பினோம். மணப்பெண்ணுக்கு அவர் காட்டிய அரக்குச் சேலைதான் பிடித்திருந்தது. அப்போது அவர் அங்கே இல்லை, சாப்பிடப் போயிருந்தார். வேறொருவர் சேலையை எடுத்துச் சீட்டு எழுதினார். பணம் கட்டி, பையை வாங்கிக்கொண்டு மின்தூக்கிக்கு அருகில் வந்த பிறகுதான், சீட்டில் இருப்பது யாருடைய எண் என்று பெரியம்மா கேட்டார். திரும்பிப் போய்க் கல்லாவில் விசாரித்தோம்.

"பில் போட்டாச்சுங்க சார்" என்றார் அங்கிருந்த தம்பி. "இனிமே நம்பர் மாத்த முடியாது."

அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.